அந்தோனியாருக்கு நேர்ந்த வான்கோழி

17 ஒக்டோபர் 1939, செவ்வாய்

இன்றைக்கும் போறணையில் வைத்த கோதுமைப் பாண் அடியில் கருகிவிட்டது. பங்களாவின் வெள்ளைக்கார மிஸ் ஏசவில்லை. கருகின பக்கத்தைக் கத்தியால் சுரண்டி, தூளைப் பீங்கானின் ஓரத்தில் சின்னக் குவியலாக்கி வைத்துவிட்டு எழும்பிப் போனார். ஏசியிருந்தால் நானும் மனதுக்குள் நாலு சொல்லி ஆறியிருப்பேன். அந்தக் குவியலோடு என்னத்தைக் கதைக்கிறது?

நீக்கிலாப்பிள்ளை செத்து மூன்று மாதம். பதினாறு வருடம் இந்த மிஷன் பங்களாவில் சமைத்த கோக்கி அவர். அவ்வளவு காலமும் தன் பெண்சாதியான என்னைக் குசினிக்குள் விட்டது மா இடிக்கவும் சட்டி கழுவவும்தான். "ரெண்டு கை பட்டால் கறி கெட்டுப்போம்" என்பார். இப்போது அவர் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன். அவர் எதை எவ்வளவு போட்டார் என்று எனக்குத் தெரியாது. யன்னலால் எட்டிப் பார்த்ததுதான் நான் படித்த படிப்பு.

19 ஒக்டோபர்

இந்த டயறி டொக்டர் அம்மா தந்தது. ஏதோ மருந்துக் கம்பனி அவருக்கு அனுப்பியதாம். கன்னியாஸ்திரிமாரிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இன்னும் கையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. கொஞ்சம் சரிந்து போய்.

23 ஒக்டோபர், திங்கள்

மிஸ் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். டொக்டர் அம்மா அமெரிக்கா, ஆசுப்பத்திரிக்குப் பெரியவர். மிஸ் இங்கிலாந்து, நேர்சுமாருக்கும் இந்த வீட்டுக்கும் பெரியவர். டொக்டர் அம்மா பேசுவது புத்தகத் தமிழ். மிஸ் நேர்சுப் பிள்ளைகளிடம் பழகியவர், எங்களைப் போலவே கதைப்பார். அதனால் அவருடைய ஏச்சும் நேராக வந்து விழும்.

"இராசாத்தி, கொழும்பிலை ஒரு படிச்ச கோக்கிக்கு எழுதியிருக்கிறன். டிசம்பர் முதலாம் திகதி ரெயினிலை வருவான். அதுக்கு முதல் இந்த வீட்டிலை ஒரு விருந்து இருக்கு. அதை நீ செய். சரியெண்டால் நீ இரு. இல்லாட்டி அவன்."

ஓம் மிஸ் என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்த வேலை போனால் பின்பக்கத்து அறையும் போகும். பிறகு பாசையூரில், கடலுக்குப் போகிற தம்பியின் வீடுதான். தம்பி சூசைதாசன் தங்கமான பிள்ளை. ஆனால் அந்த வீட்டில் ஆட்சி அவனுடைய பெண்சாதி லூர்த்தம்மாவுடையது. அவள் வைத்த உப்பை நான் கூட என்று சொல்லக்கூடாது, குறைய என்றும் சொல்லக்கூடாது. முப்பத்தைந்து வயதில் அவளுடைய அடுப்புக்கு முன்னால் கைகட்டி நிற்கவோ? மாதாவே.

24 ஒக்டோபர்

என்ன விருந்து என்று இன்றைக்குத்தான் விளங்கியது. அமெரிக்காவில் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழனை நன்றி சொல்லும் நாளாக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து ஓடிப்போய்க் குடியேறினவர்கள் தொடங்கிவைத்ததாம். விளைந்ததுக்கு ஆண்டவருக்கு நன்றி. ஆனால் இந்த வருடம் கடைக்காரர்கள் கேட்டார்கள் என்று அவர்களுடைய நாட்டுப் பெரியவர் அதை ஒரு கிழமை முன்னுக்கு இழுத்துவிட்டாராம். ஆண்டவருக்கு நன்றி சொல்கிற நாளையும் கடைக்காரர்தான் குறிப்பார்களா?

மிஸ்ஸின் ஊரிலும் அறுவடை விருந்து உண்டு. அது புரட்டாதியில் வர வேண்டியது. அந்த மாதம் பார்த்துச் சண்டை தொடங்கியதால் அவருக்குச் சாப்பாட்டிலேயே மனம் இருக்கவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்து ஒரே மேசையில், வருகிற மாதம் இருபத்துமூன்றாம் திகதி. மேசை நடுவில் முழு வான்கோழி வேண்டுமாம்.

"எங்களிட்டையிருந்து தப்பி ஓடினதுக்கோ உங்கடை ஆக்கள் நன்றி சொல்லுறவை?" என்று மிஸ் கேட்டார். "அதற்கும் சேர்த்துத்தான்" என்றார் டொக்டர் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். மிஸ் சிரித்து நான் பார்த்து இரண்டு மாதம் இருக்கும்.

27 ஒக்டோபர்

மூன்று நாளாக இரண்டு பேர் பின்னாலும் திரிந்து கேட்டதில் ஒரு பெரிய இரகசியம் வெளிவந்தது. இரண்டு பேருக்கும் சமைக்கத் தெரியாது! சாப்பிட்ட ஞாபகம் மட்டும்தான்.

டொக்டர் அம்மாவிடம் பூசணிக்காய்ப் பை என்கிற இனிப்பை எப்படிச் செய்வது என்றால், "அது பொன்னிறமாக இருக்கும், இராசாத்தி. மேற்பகுதி நடுங்கும்" என்கிறார். நடுங்குகிறதுக்கு என்ன போடுவது? தெரியாது. மிஸ்ஸிடம் புடிங் எப்படி என்றால், "சீலையிலை கட்டி நாலு மணித்தியாலம் அவிக்க வேணும். அவிக்கேக்கை வீடு முழுக்க மணக்கும்" என்கிறார். சீலைக்குள் என்ன கட்டுகிறது? முந்திரிகைவத்தல், பாண் தூள், பிறகு… பிறகு அவருக்கும் தெரியாது.

சமைத்தவர்களை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

2 நவம்பர், வியாழன்

கல்லறைத் திருநாள். மழைத்தூறலுக்குள் போய் அவருடைய குழியில் மெழுகுதிரி கொளுத்தினேன். இரண்டு தரம் நூர்ந்தது. "கறுவா எவ்வளவு போடுறனீர், அதையாவது சொல்லும்" என்று கேட்டேன். உயிரோடு இருக்கும்போதே சொல்லாத மனிசன்.

கோபமாகத்தான் கேட்டேன். பிறகு அழுதேன். உள்ளதை எழுதத்தானே டயறி.

5 நவம்பர், ஞாயிறு

தம்பி வந்தான். கக்கத்தில் ஒரு வான்கோழி! "அக்கா, உன்ரை வெள்ளைக்காரருக்கு இதுதானே வேணும். எங்கடை வளவிலை சும்மா நிண்டு தின்னுது. கொண்டுபோ" என்றான். லூர்த்தம்மா தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு மன்னாருக்குப் போயிருக்கிறாளாம். அவள் இல்லாத நேரத்தில் கைவிரித்துக் கொடுக்கிறான் பிள்ளை. அவளைக் கேட்டனியோ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்கு வான்கோழி வேண்டியிருந்தது.

காலில் ஒரு வெள்ளைத் துணிக்கீலம் கட்டியிருந்தது. அடையாளத்துக்கு ஆக்கும் என்று அவிழ்த்துத் தோய்த்து வைத்திருக்கிறேன். நல்ல உறுதியான துணி, எதையாவது கட்ட உதவும்.

8 நவம்பர்

வான்கோழிக்குத் தான்தான் இந்த ஆசுப்பத்திரிக்குப் பெரிய டொக்டர் என்று எண்ணம். நேர்சுப் பிள்ளைகளைக் கண்டால் செட்டையை விரித்துக்கொண்டு பின்னால் போகிறது.

டொக்டர் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு தன் ஊரைப் பற்றிச் சொன்னார். மேய்ன் என்று பெயர், கடற்கரை ஊர். இந்த மாதத்துக்குள் மரங்களெல்லாம் சிவந்து, மஞ்சளித்து, இலையெல்லாம் கொட்டி முடிந்துவிடுமாம். அதற்குப் பெயரே இலையுதிர் காலம். இலை விழுவதுக்கு ஒரு காலம் வைத்திருக்கிறார்களா! எங்களுக்கு இந்த மாதம் மழைதான் விழும். இங்கே சிவக்கிற இலை வேப்பங்கொழுந்து; அதுவும் சாகும்போது அல்ல, பிறக்கும்போது. இதைச் சொன்னதும் டொக்டர் அம்மா ஒரு துண்டில் குறித்துக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை. நான் சொன்னதை ஒருவர் எழுதிவைத்தது இதுதான் முதல் தரம்.

11 நவம்பர், சனி

கோப்பாயிலிருந்து மரக்கறி கொண்டுவருகிற சின்னாச்சி ஒரு பூசணிக்காய் இறக்கினாள். பானை அளவு. என்ன கறி என்று கேட்டாள். சீனி போட்டுச் செய்யப் போகிறேன் என்றேன்.

"பூசணிக்காயையோ? சீனி போட்டோ? விசரே உங்கடை ஆக்களுக்கு!"

"மாவிலை சட்டி மாதிரி ஒண்டு செய்து, அதுக்குள்ளை ஊத்திச் சுட வேணுமாம்."

"சிவசிவா" என்று சொல்லிவிட்டுப் போனவள் படலையில் நின்று திரும்பி, "செய்தால் எனக்கும் ஒரு துண்டு வை. முட்டை போடாததாய்ப் பாத்து" என்றாள்.

பின்வளவில் பாண் சுடுகிற மண் போறணையில் சுட்டேன். மேலே கருகல், கீழே மா பச்சை, நடுவில் கஞ்சி. ஆனால் அந்தக் கஞ்சியை விரலால் தொட்டு வாயில் வைத்தபோது நின்றுவிட்டேன். முட்டை, பால், இனிப்பு, கறுவா, கராம்பு, சாதிக்காய்… இதெல்லாம் நான் எங்கேயோ சாப்பிட்டிருக்கிறேன். சோனகத் தெருவில், முஸ்லிம் கலியாண வீட்டில். வட்டிலப்பம்! பூசணிக்காய் விழுந்த வட்டிலப்பம், அவ்வளவுதான். அமெரிக்கா போய்வந்த வட்டிலப்பம்.

வட்டிலப்பத்தை யாரும் சுடுவதில்லையே. அவிப்பதுதானே.

14 நவம்பர்

மிஸ்ஸின் ஊரில் கோழிக்குள் பாண் தூளும் வெங்காயமும் ஒரு இலையும் அடைப்பார்களாம். அந்த இலை இங்கே இல்லை. எப்படி மணக்கும் என்று கேட்டேன். சொல்லத் தெரியாமல் கையை மூக்கடியில் வைத்து விரலைத் தேய்த்துக் காட்டினார். நான் வேலியோரத்துக்குப் போய்த் துளசி, கஞ்சாங்கோரை, கற்பூரவள்ளி மூன்றையும் ஒடித்து வந்தேன். துளசிக்கு இல்லையென்று தலையாட்டினார். கஞ்சாங்கோரைக்கும் இல்லை. கற்பூரவள்ளியைக் கசக்கி மணந்தவர் கொஞ்ச நேரம் கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"கிட்ட. சரியாய்க் கிட்ட வருது."

பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய்ச் சுவரிலிருந்த படத்தை நேராக்கினார். அது கோணலாக இருக்கவில்லை. தூசி தட்டுகிற எனக்குத் தெரியாதா? கப்பல் உடுப்போடு நிற்கிற இளந்தாரி, மிஸ்ஸின் ஒரே தம்பி. சாமான் கப்பலில் வேலை. ஆவணிக்குப் பிறகு கடிதம் இல்லை. தபால்காரன் வருகிற நேரம் மிஸ் படலையடியில் பூமரம் பார்ப்பது பூமரத்துக்காக இல்லை.

16 நவம்பர்

மழை. விறகு புகைகிறது. நானும் புகைகிறேன்.

17 நவம்பர்

டொக்டர் அம்மாவுக்கு வான்கோழியோடு ஒரு சிவத்த புளிப்புப் பழக்கூழும் வேண்டுமாம். அந்தப் பழம் சதுப்பு நிலத்தில் காய்க்குமாம். சின்னாச்சி வீட்டுச் சிவத்த புளிச்சையின் பூவிதழைச் சீனி போட்டுக் காய்ச்சினேன். நிறம் கண்ணைப் பறித்தது. டொக்டர் அம்மா கரண்டியை நக்கியதை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

19 நவம்பர், ஞாயிறு

போறணை விழுந்துவிட்டது. மண் சுவர் மூன்று நாள் மழையில் ஊறி, பூசையால் திரும்பி வரும்போது சேற்றுக் கும்பமாய்க் கிடக்கிறது. இன்னும் நாலு நாள்தான். வான்கோழியை எதில வாட்டிறது? பையை எதில சுடுகிறது? ஐயோ, அந்தக் கொழும்பான் இப்பவே பெட்டி கட்டுறான், எனக்குக் கேக்குது.

20 நவம்பர், திங்கள்

கொதித்துக்கொண்டே யோசித்தேன். சுட வேண்டியது டொக்டர் அம்மாவின் பூசணிக்காய். அவிக்க வேண்டியது மிஸ்ஸின் புடிங். போறணை இல்லை, ஆனால் பிட்டுப் பானை இருக்கிறது. அப்படியென்றால் பூசணிக்காயை மிஸ்ஸின் சீலைக்குள் கட்டினால் என்ன?

கட்டினேன். பூசணிக்காய் மசியல், முட்டை, தேங்காய்ப்பால், பனங்கட்டி, கறுவா, கராம்பு, சாதிக்காய் டொக்டர் அம்மா பக்கம். முந்திரிகைவத்தல், பாண் தூள், இஞ்சி மிஸ் பக்கம். சீலையை அந்த வெள்ளைத் துணிக்கீலத்தால் இறுக்கிக் கட்டி நாலு மணித்தியாலம் ஆவியில் வைத்தேன். இரண்டு மணித்தியாலத்தில் நேர்சுப் பிள்ளைகள் யன்னலடியில் வந்து நின்றார்கள். அவிழ்த்தபோது முழுசாய் நின்றது. தட்டை ஆட்டினேன். மேலே கொஞ்சம் நடுங்கியது!

நீக்கிலாப்பிள்ளை, பாரும்.

வான்கோழியைப் பெரிய இரும்புத் தாச்சியில் வைத்து மூடிமேல் தணல் போட்டு வாட்டலாம். நாளைக்கு இன்னொரு புடிங் கட்டிப் பார்க்க வேணும்.

21 நவம்பர், செவ்வாய்

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு லூர்த்தம்மா வந்தாள். மன்னாரால் நேற்று வந்தவள், பாசையூரிலிருந்து மழைக்குள் நடந்தே வந்திருக்கிறாள். படலையில் வரும்போதே சத்தம்.

"மச்சாள்! என்ரை கோழி எங்கை? வெட்டிப்போட்டியளோ?"

"வெட்டேல்லை. உன்ரை மனிசன்தான் தந்தவன்."

"அவருக்கென்ன தெரியும்! அது அந்தோனியாருக்கு நேர்ந்த கோழி. கச்சான் காத்திலை உங்கடை தம்பி மூண்டு நாள் கரைக்கு வராமல் கிடக்கேக்கை, மூண்டு நாளும் நான் கோயில் வாசலிலை கிடந்து நேர்ந்தது. காலிலை துணி கட்டியெல்லோ விட்டனான்!"

நான் அடுப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். புடிங் அந்தத் துணியோடுதான் ஆவியில் இருந்தது.

அவள் கத்தவில்லை. வாங்கில் குந்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். கத்தியிருந்தால் நல்லது. "அந்தோனியாரின்ரை துணியாலை வெள்ளைக்காரிக்குப் பலகாரம் கட்டியிருக்கிறியள்" என்று மெல்லச் சொன்னாள். காலில் வெள்ளைத் துணி என்றால் நேர்ந்தது என்று எனக்குத் தெரியாதா? பாசையூரில் பிறந்தவள் நான்! கண்ட உடனே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அதுதான் உண்மை.

இப்போது என்ன? வெட்டிப்போட்டால் மிஸ்ஸுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. லூர்த்தம்மா அழுதுகொண்டு போவாள், அவ்வளவுதான். எனக்கு வேலை நிற்கும். ஆனால் தம்பி நாளைக்கும் கடலுக்குப் போகிறவன்.

வெட்டமாட்டன். மாட்டன்.

22 நவம்பர், புதன்

காலைத் தேத்தண்ணியோடு மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துணி கட்டிய கதையையும் ஒளிக்கவில்லை. பிறகு சொன்னேன்: "வான்கோழி இல்லாமல்தான் நாளைக்கு மேசை, மிஸ். அந்தக் கோக்கி வாறதெண்டால் வரட்டும்."

மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வாக்குக் குடுத்தால் குடுத்ததுதான். கோயிலுக்குக் கொண்டுபோனால் அந்தக் கோழியை என்ன செய்வினம்?"

"பூசைக்குப் பிறகு ஏலம் விடுவினம் மிஸ். காசு கோயிலுக்கு. எடுத்த ஆள் கறி வைக்கலாம், பிழையில்லை. நேர்ந்த ஆள்தான் ஏலத்திலை கேக்கக்கூடாது."

"நான் நேரேல்லையே."

"இல்லை மிஸ்."

"அப்ப நான் கேக்கலாம்."

எனக்கு இது தோன்றவேயில்லை! ஆனால் ஏலம் ஞாயிறு, விருந்து நாளைக்கு. அதற்கும் மத்தியானத் தபாலில் வழி வந்தது. டொக்டர் அம்மாவின் தமக்கை எழுதியிருக்கிறார்: யார் நாளை மாற்றினாலும் மேய்ன் ஊரார் மாற்றமாட்டார்களாம், பழையபடி கடைசி வியாழன்தான். "எங்கள் ஊரார் பிடிவாதக்காரர்" என்று டொக்டர் அம்மா பெருமையாகச் சொன்னார். விருந்து முப்பதாம் திகதிக்குப் போயிற்று.

மிஸ்ஸுக்கு அந்தத் தபாலில் ஒன்றும் இல்லை.

26 நவம்பர், ஞாயிறு

பாசையூரில் இன்றைக்கு நடந்ததை இனி ஒரு வருடம் கதைப்பார்கள்.

லூர்த்தம்மா துணியைத் தோய்த்து மறுபடி கோழியின் காலில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். மிஸ் தொப்பியும் குடையுமாய் வாசலில் நின்றார், பூசை முடியும்வரை உள்ளே வரவில்லை. ஏலம் தொடங்கியது. வழக்கமாய் யார் கேட்டாலும் கடைசியில் சம்மாட்டி அடைக்கலநாதன்தான் எடுப்பார். நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மீசைக்காரர். அவர் ஒன்று சொல்ல, மிஸ் குடையைத் தூக்கினார். சனம் திரும்பிப் பார்த்தது. அவர் ஏற்ற, குடை எழும்பியது. மறுபடி ஏற்ற, மறுபடி குடை. பெடியள் விசிலடித்தார்கள். கடைசியில் சம்மாட்டி கையை விரித்து, "குடையோடை ஆர் மல்லுக்கட்டுறது!" என்றார். லூர்த்தம்மாவே சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது வண்டிலில் கோழியை மிஸ்தான் மடியில் வைத்திருந்தார். நாவற்குழிப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. மிஸ் கேட்டார்:

"அவ நேர்ந்து எத்தினை நாளிலை புருசன் வந்தவர்?"

"மூண்டாம் நாள், மிஸ். பாய் கிழிஞ்சு, ஆனால் ஆள் வந்திட்டான்."

"ம்" என்றார்.

மாலையில் சின்னாச்சி வீட்டுப்பக்கம் கார்த்திகை விளக்கீடு. படலைக்குப் படலை விளக்கு. இந்த மாதம் எல்லாருக்கும் ஏதோ ஒன்று.

27 நவம்பர்

மிஸ் மழைக்குள் தானே தபால் கந்தோருக்குப் போனார். தம்பியைப் பற்றி விசாரிக்க ஆக்கும்.

28 நவம்பர், செவ்வாய்

கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். மிஸ் குசினி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

"இராசாத்தி. ஆர் வேணுமெண்டாலும் நேரலாமோ? அந்தக் கோயிலுக்கு வராத ஆளும்?"

"அந்தோனியார் ஆளைப் பாக்கமாட்டார், மிஸ்."

"என்னண்டு சொல்லுறது? ஏதும் செபம் இருக்கோ?"

"மனசிலை சொன்னால் காணும். பிறகு அந்த உயிரை வெட்டக்கூடாது. அவ்வளவுதான்."

அவர் முகம் சிவந்துபோயிற்று.

"அப்ப வெட்டாதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் பார்த்தேன். வான்கோழி வளவில் செட்டையை விரித்துக்கொண்டு நிற்கிறது. காலில் ஆசுப்பத்திரிப் பண்டேஜ், நேர்சுமாருக்குப் படிப்பிக்கிற முடிச்சுப் போட்டு. எனக்கு ஒரு கண்ணில் சிரிப்பு, ஒரு கண்ணில் கண்ணீர். பிறகுதான் உறைத்தது. நாளை மறுநாள் விருந்து. மேசையில் எதை வைப்பேன்?

29 நவம்பர்

லூர்த்தம்மா! லூர்த்தம்மாதான்! தம்பியிடம் ஒரு கடகம் நண்டு குடுத்துவிட்டிருக்கிறாள். "வெள்ளைக்காரி எங்கடை கோயிலுக்குச் செய்ததுக்கு" என்று சொல்லச் சொன்னாளாம். அவளைப் பற்றி முன்னுக்கு எழுதினதில் பாதியை வெட்ட வேண்டும். பாதியை விடலாம்.

30 நவம்பர் 1939, வியாழன்

முடிந்தது. கால் உளைகிறது.

வான்கோழிக்கென்று வைத்திருந்த பாண் தூள், வெங்காயம், கற்பூரவள்ளி அடைசலை நண்டுச் சதையோடு பிசைந்து, நண்டு ஓட்டுக்குள்ளேயே திரும்ப அடைத்து, தாச்சியில் அடுக்கி, மூடிமேல் தணல். பக்கத்தில் புளிச்சைக் கூழ். டொக்டர் அம்மா ஓட்டைக் கண்டதும் கைதட்டினார். அவருடைய ஊரிலும் கடலில் பிடித்ததை அதன் ஓட்டுக்குள்ளேயே வைத்துத் தின்பார்களாம். மிஸ் அடைசலை ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். "இது எங்கடை வீடு" என்றார். யாருக்கும் சொல்லவில்லை. யன்னலடியில் நின்ற எனக்குக் கேட்டது. பழைய இடம்தானே அது.

பிறகு புடிங். மிஸ் திறப்போடு எழும்பிப் போய், மருந்து அலுமாரியைத் திறந்து, ஒரு அவுன்சுக் குப்பியில் பிராந்தி கொண்டுவந்தார். மிஷன் வீட்டில் பிராந்தி! டொக்டர் அம்மா அந்த நேரம் பார்த்துக் கூரையில் என்னவோ தேடிக்கொண்டிருந்தார். ஊற்றிக் கொளுத்தியதும் நீலமாய் ஒரு சுவாலை ஓடியது.

"இது எங்கள் வீட்டுப் பை அல்ல" என்றார் டொக்டர் அம்மா.

"எங்கடை புடிங்கும் இல்லை" என்றார் மிஸ்.

இருவரும் தின்றார்கள். தின்று முடித்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பீங்கானை நீட்டினார்கள்.

ஆனால் மிஸ் கோக்கியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாளைக்கு முதலாம் திகதி. என் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

சின்னாச்சிக்கு முட்டை போடாத துண்டு தனியாக அவித்தேன். அது நிற்கவில்லை, குழைந்துபோயிற்று. கரண்டியால் கொடுத்தேன்.

1 டிசம்பர், வெள்ளி

ரெயின் வந்து போயிற்று. ஒருவரும் வரவில்லை. பின்னேரம்வரை பெட்டிமேல் இருந்தேன். பொறுக்கமுடியாமல் டொக்டர் அம்மாவிடம் கேட்டேன்.

"அந்த மனிதருக்கு வர வேண்டாம் என்று மிஸ் திங்கட்கிழமையே தந்தி கொடுத்துவிட்டாரே. உமக்குச் சொல்லவில்லையா?"

திங்கட்கிழமையோ? நண்டு வர முந்தியோ, புடிங்கைத் தொட முந்தியோ? அப்ப என்ரை நாலு நாள் நித்திரையை ஆர் தாறது? நான் அடுப்படியில் வெந்ததெல்லாம்? நேரே போய்க் கேட்டேன். கோபத்தில் மிஸ் என்றும் சொல்லவில்லை, "ஏன் எனக்குச் சொல்லேல்லை!" என்றேன்.

"சொல்லியிருந்தால் அந்தப் புடிங் அப்பிடி வந்திருக்காது" என்றார்.

"ஏன் அப்ப தந்தி அடிச்சனீங்கள்?"

மிஸ் ஏதோ கடதாசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு கோழியை வெட்டாமல் விட்டாய். போ, பாண் கருகுது."

உண்மையாகவே தாச்சிக்குள் கருகிக்கொண்டுதான் இருந்தது.

24 டிசம்பர்

புதுப் போறணை காய்ந்துவிட்டது. தபாலில் ஒன்றும் இல்லை. வான்கோழி கொழுக்கிறது. பாசையூருக்குப் போனேன், லூர்த்தம்மா தன் உப்பைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். கொஞ்சம் கூட என்றேன்! ஓம் என்று கேட்டுக்கொண்டாள்.

9 ஜனவரி 1940

புதுவருடத்துக்குப் புது டயறி கேட்டேன். இதிலேயே வெறும் பக்கம் கிடக்கிறதே என்றார் டொக்டர் அம்மா. சரிதான். பழைய திகதியை வெட்டிவிட்டு எழுதுகிறேன்.

மிஸ் இப்போது படலையடிக்குப் போவதில்லை. தபால்காரன் மணியடித்தால் யன்னலைச் சாத்துகிறார். கேட்க எனக்குப் பயம்.

21 ஜனவரி, ஞாயிறு

விடியப் பூசைக்குப் போக முதல் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மிஸ் குசினிக்குள் வந்தார், உள்ளுக்கே. தொப்பி போட்டிருந்தார். கையில் குடை. மழையில்லாத நாள்.

"வான்கோழியைப் பிடி, இராசாத்தி."

எனக்குத் திக்கென்றது. "வெட்டவோ, மிஸ்? இண்டைக்கு ஆருக்கு விருந்து?"

"வெட்டுறதுக்கில்லை. கூடை ஒண்டு எடு. வண்டில் வாசலிலை நிக்குது."

அப்போதுதான் அவருடைய சட்டைப் பைக்குள் ஒரு கடித உறையின் மூலை தெரிந்தது. கப்பல் முத்திரை. தம்பியின் கடிதமோ என்று கேட்கத் தேவையில்லை. அவர் கண்ணைப் பார்த்தாலே போதும். "ஸ்தோத்திரம் மாதாவே" என்று மட்டும் வாயில் வந்தது.

நல்ல பாரம் அந்தக் கோழி. கூடையை அவர் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். பண்டேஜ் ஊத்தையாகிப் போயிருந்தது. நின்று, அதை அவிழ்த்துப் புதிசு கட்டினார். வண்டிலில் ஏறும்போது கேட்டார்:

"இண்டைக்கு நான் ஏலத்திலை குடை தூக்கக்கூடாது, என்ன?"

"நேர்ந்த ஆள் கேக்கக்கூடாது, மிஸ்."

"சரி" என்றார். "அடைக்கலநாதன் கொண்டுபோகட்டும்."